ஆறாம் படிக்கும் ஏழாம் படிக்கும் நடுவில்

அலுவலகத்தில் அவளுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்தவர் பக்கத்து மேசை ஊர்சுற்றி. வைத்த அன்றே ஒட்டிக்கொண்டது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்பாள், இல்லை என்பாள், மிஞ்சிப்போனால் பார்க்கிறேன் என்பாள். அதற்கு மேல் பேசினால் வாயிலிருந்து ஏதோ கீழே விழுந்து உடைந்துவிடும் என்பது போல மூடிக்கொள்வாள். அதே விஷயத்தை எழுதித் தரச் சொன்னால் நாலு பக்கம் வரும். நாலு பக்கத்தில் ஒரு வாக்கியமாவது அந்தரத்தில் தொங்க வேண்டுமே, தொங்காது.

நாற்பத்து நாலு வயது. பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் வேலை. பாலம், தண்ணீர்த் தொட்டி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஏற்கெனவே கட்டி முடித்தவற்றைப் போய்ப் பார்த்து, அளந்து, படம் எடுத்து, இது நிற்கும், இதைச் சரிசெய், இதில் யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லும் ஆய்வு நிலையம் அது. மேல் மாடிகளில் பொறியாளர்கள். அவர்கள் எடுத்த படமும் அளவும் வந்து சேருகிற இடம் கீழ்த்தளத்துச் சேமிப்பகப் பிரிவு. இரண்டு அறை. ஒன்றில் ஆளுயர இயந்திரங்கள் குளிரில் உறுமிக்கொண்டிருக்கும். மற்றதில் நாலு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னல் வழியே நிறுத்தி வைத்த வண்டிகளின் சக்கரங்கள் மட்டும் தெரியும். எந்த மாடிக்காரர் வந்துவிட்டார், எவர் நழுவிவிட்டார் என்பதை டயரை வைத்தே கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

சேமிப்பகக் கருவிகளை எப்படி இயக்குவது என்று எழுதி வைப்பது அவள் வேலை. வீட்டிலும் அதே கதைதான். சமையலறை அலமாரிக் கதவில், குளியலறைச் சுவிட்சுக்கு மேலே, துவைக்கும் இயந்திரத்தின் மூடியில் என்று அவள் கையெழுத்து இல்லாத இடம் கிடையாது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவருக்கும் அவளுக்கும் நடந்த பெரிய சண்டைகள்கூடத் தாளில்தான் நடந்தன. "உங்கள் அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் நடுவில் வர வேண்டாம்" என்று அவள் எழுதிய தாளை அவர் இன்னும் பர்சில் வைத்திருக்கிறார். பேசியது எங்கே, அக்காவுக்கும் நாலு பக்கக் கடிதம்தான் போயிற்று.

இவ்வளவு எழுதி என்ன, படிப்பவர் யாரும் இல்லை. பிரிவில் எல்லாருக்கும் வேலை தெரியும். தெரிந்தவன் எதற்குப் படிப்பான்? புதிதாக வருகிறவர்கள் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அக்கா, சுருக்கமாச் சொல்லுங்களேன்" என்று வந்து நிற்பார்கள். சொல்லத்தான் அவளுக்கு வராதே. ஊர்சுற்றியிடம் அனுப்பிவிடுவாள்.

ஊர்சுற்றி என்பவர் சேமிப்பகத்தை நடத்திவந்தவர். ஐம்பது தாண்டியவர். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், படி ஏறும்போது கட்டில் கிறீச்சிடுவது போலச் சத்தம் வரும். ஆனால் நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல இருக்க மாட்டார். "இதோ வந்துட்டேன்" என்று கிளம்பினால் இரண்டு மணி நேரம். எந்த மாடியில் எந்த மேசையில் கதையளந்துகொண்டிருக்கிறார் என்று தேடத்தான் ஆள் வேண்டும். பெயர் வந்த வழி அதுதான். அவளும் அந்தப் பெயரைத்தான் மனசுக்குள் வைத்திருந்தாள்.

வருடத்தின் ஆரம்பத்தில் அவருக்கு முட்டி அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று. நாலு மாத விடுப்பு. மேலாளர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், எதற்கும் முன்கூட்டியே வியர்ப்பவர், எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அண்ணன் இடத்துக்கு ஆள் கேட்டேன், தர மாட்டாங்களாம். அதுக்குப் பதிலா ஏஐ ஏஜென்ட் ஒண்ணு தர்றாங்க. நம்ம கருவிகளை அதுவே இயக்கும். ஆவணத்தைப் படிச்சு அதுல இருக்கிறபடி செய்யும். அக்கா, எழுதித் தர்றது உங்க பொறுப்பு."

"அதுக்கு ஒண்ணும் தெரியாதா?" என்று ஊர்சுற்றி கேட்டார்.

"உலகத்துல எல்லாம் தெரியும்ணே. நம்ம ஆபீஸ் மட்டும் தெரியாது."

"சரியாப் போச்சு. புதுமாப்பிள்ளை. பெரிய படிப்பு படிச்சிருப்பான், நம்ம வீட்டுல தண்ணிச் சொம்பு எங்க இருக்குன்னு தெரியாது. கையில எடுத்துக் கொடுக்கணும்."

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

சோதனைக்காக மாப்பிள்ளையிடம் அவளுடைய பழைய ஆவணம் ஒன்றைக் கொடுத்தார்கள். முந்நூறு பக்கம். கால் நிமிடத்தில் படித்தது. அவள் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்தாள். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்து அடிக்குறிப்பை எடுத்துக்காட்டிப் பதில் சொன்னது. அந்த அடிக்குறிப்பு இருப்பதை எழுதிய அவளே மறந்துவிட்டிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவள் எழுதியதைக் கடைசிவரை படித்திருக்கிறார். அன்று மாலை வீட்டில், தானாகவே வாயைத் திறந்து கணவரிடம் அதைச் சொன்னாள். அவர் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

மூன்று வாரம் ஊர்சுற்றியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தட்டுவதையெல்லாம் எழுதினாள். பத்துக் கருவிகள். அதில் முக்கியமானது கத்தரி. இடம் நிரம்பும்போது, நாலு வருடமாக யாரும் திறக்காத கோப்புறைகளைத் தேடி, உள்ளே இருப்பதை வெட்டி, இடத்தை விடுவிக்கிற கருவி. ஊர்சுற்றி அதை இரண்டு தடவையாக இயக்குவார். முதலில் சோதனை ஓட்டம். எதையும் வெட்டாது, எதை வெட்டப்போகிறது என்று பட்டியல் மட்டும் தரும். அப்புறம் உண்மை ஓட்டம். நடுவில் விலக்குக் கோப்பு என்று ஒன்று உண்டு. அதில் எழுதியிருக்கிற கோப்புறைகளைக் கத்தரி தொடாது.

விடுப்புக்கு முன் நிறைய இடம் ஒழித்துவைக்க வேண்டும் என்று மூன்று வாரத்தில் மூன்று முறை அவர் அதை இயக்கியதைப் பார்த்தாள். மூன்று முறையும் ஒரே மாதிரி. சோதனை ஓட்டம் முடியும். பட்டியலை அச்செடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். "இதோ வந்துட்டேன்" என்று போய்விடுவார். இரண்டு மணி நேரம் கழித்துத் தேநீர் வாசனையோடு திரும்பி, விலக்குக் கோப்பில் கடகடவென்று இருபது முப்பது வரி தட்டுவார். உண்மை ஓட்டத்தை ஓடவிடுவார். முடிந்ததும் விலக்குக் கோப்பைத் துடைத்து வெறுமையாக்கிவிடுவார்.

அவள் எழுதினாள்:

"ஆறு. சோதனை ஓட்டத்தை நடத்தவும். பிழைச் செய்தி ஏதும் இல்லை என்று உறுதிசெய்யவும். விலக்குக் கோப்பு இருந்தால் கருவி அதைத் தானாகவே படித்துக்கொள்ளும்.

ஏழு. உண்மை ஓட்டத்தை நடத்தவும்."

இரண்டாவது தடவை அவர் திரும்பி வந்தபோது மடித்த பட்டியல் பையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள்தான் குனிந்து எடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், ஆளுக்கொரு கையெழுத்து. தன் நோட்டில் "இந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன?" என்று எழுதிக் கேள்விக்குறியும் போட்டாள். நிமிர்ந்தாள். அவர் தேநீரின் ஏப்பத்தோடு ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "பாருடா, முற்றுப்புள்ளி கேள்வி கேட்குது" என்று அறையே கேட்கச் சொல்வார். எங்கே போனீர்கள் என்று கேட்பது போலவும் ஆகிவிடும். மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும் என்று தானே நினைத்துக்கொண்டு, எழுதிய வரியை அடித்துவிட்டாள்.

ஊர்சுற்றி மருத்துவமனைக்குப் போனார். மாப்பிள்ளை வேலைக்கு வந்தது. ஐந்து வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, இடம் நிரம்பியது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நாலாம் மாடிப் பொறியாளர் கீழே இறங்கி வந்தார். விரிசல் மேடம் என்பார்கள். கட்டடங்களில் விழும் விரிசல்களைத் தொடர்ந்து பார்ப்பதே அவருக்கு வேலை. வாரத்தில் பாதி நாள் வெளியில்தான் இருப்பார். அன்று காலணியில் சிமெண்ட் தூசியோடு நேராக மேலாளர் மேசைக்குப் போனார்.

"ஃபோல்டர் இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல. எங்க போச்சு?"

"எந்த ஃபோல்டர் மேடம்?"

"மேம்பாலத்துப் பக்கம் எட்டு மாடிக் கட்டடம். தொண்ணூத்தாறு வீடு. படிக்கட்டுச் சுவர்ல விரிசல். ஆறு வருஷம் முன்னாடி நானே போய் எடுத்த படங்கள். அதையும் நேத்து எடுத்ததையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் விரிசல் தூங்குதா நடக்குதான்னு தெரியும்."

"தேடித் தர்றோம் மேடம், ரெண்டு நாள்…"

"வெள்ளிக்கிழமை நான் எழுதிக் கொடுக்கணும். நகரலைன்னா இருங்கன்னு எழுதுவேன். படம் இல்லைன்னா தெரியாதுன்னுதான் எழுத முடியும். தெரியாதுன்னு எழுதினா தொண்ணூத்தாறு வீடும் காலி பண்ணணும். புரியுதா?"

மேலாளருக்கு வியர்த்தது. அவள் மாப்பிள்ளையின் செயல் பதிவைத் திறந்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது பதினான்கு.

"ஆவணத்தின் ஆறாம் படி: சோதனை ஓட்டம் முடிந்தது. பிழைச் செய்தி இல்லை. விலக்குக் கோப்பு படிக்கப்பட்டது. வரிகள்: பூஜ்யம். ஏழாம் படிக்குச் செல்கிறேன்."

அடுத்த வரி, ஒன்பது பதினான்கு, நாற்பது விநாடி. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கோப்புறைகள்.

ஊர்சுற்றிக்கு இரண்டு மணி நேரம் ஆன இடத்தில் மாப்பிள்ளைக்கு நாற்பது விநாடி ஆகியிருந்தது. அவள் அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தாள். தவறு எதுவும் இல்லை. எழுதியதை எழுதியபடியே செய்திருக்கிறது. அடித்துவிட்ட கேள்வி நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

கத்தரி வெட்டியது உடனே அழிந்துவிடாது. பரண் என்று அவர்கள் சொல்லும் ஒரு பகுதியில் பத்து நாள் கிடக்கும். ஆனால் இடம் போதாமல் புதுப் படங்கள் வந்து குவிந்தால் பரணிலிருப்பதன் மேலேயே எழுதிக்கொண்டு போய்விடும். பரணிலிருந்து இறக்குவதை ஊர்சுற்றி கையாலேயே செய்வார். அவள் ஆவணத்தில் அந்தப் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே, "பின்னர் எழுதப்படும்."

"அண்ணனுக்குப் போன் போடுங்க" என்றார் மேலாளர்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போனில் பேசுவதைவிட நேரில் போவது அவளுக்குக் கொஞ்சம் தேவலை.

ஊர்சுற்றியின் வீடு இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம். கதவைத் திறந்த அவர் மனைவி இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க. பேச ஆள் கிடைக்காம சுவத்துக்கிட்ட பேசிக்கிட்டிருக்கார்" என்றாள். அவர் காலை இரண்டு தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார்.

"யாரு, முற்றுப்புள்ளியா! வீடு தேடி வந்திருக்கே? துணியெல்லாம் உள்ள எடுத்துப் போடுடி, மழை வரப்போகுது" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

அவள் சொன்னாள். நாலே வாக்கியம். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது.

"விலக்கு பூஜ்யமா? பூஜ்யம்னா நிறுத்தணும்மா! பூஜ்யம்னா இன்னும் யாரையும் கேட்கலைன்னு அர்த்தம்!"

"கேட்கிறதுன்னா?"

"என்ன கேட்கிறதுன்னா? பட்டியலை எடுத்துக்கிட்டு மாடி மாடியாப் போய் இது வேணுமா, வேண்டாமான்னு கேட்கிறது. மெயில் போட்டா எவன் பார்க்கிறான்? மேசை முன்னாடி போய் நின்னாத்தான் பென்சிலை எடுப்பான். அதுக்கும் ஒரு டீ, ரெண்டு கதை ஆகும்."

அவருக்கு அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்தது.

"அப்போ நான் எங்க போறேன்னு நினைச்சே?"

அவள் தன் கையைப் பார்த்தாள்.

"ஓ" என்றார். "நான் ஊர்சுத்தறேன்னு ஊரே சொல்லிச்சு. நானும் ஆமாம்னு சிரிச்சிக்கிட்டேன். இது வேலைன்னு சொன்னா அதுக்கும் சிரிப்பாங்க. ஆனா நீ பக்கத்துலயே இருந்தியேம்மா. கேட்டிருக்கலாமே."

"நீங்களும் சொல்லலையே" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சத்தமாக வந்துவிட்டது என்று தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியலையே!"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நாலாம் மாடியை நான் கேட்கிறதுகூட இல்ல. அந்தம்மா எப்பவும் வெளியில. அவங்க ஃபோல்டர் எல்லாத்தையும் நானே விலக்குல போட்டுடுவேன். விரிசல் படம் லாக்கர்ல வெச்ச நகை மாதிரி. திறக்காம கிடக்குதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம், வேண்டாம்னு அர்த்தமில்ல. இது கத்தரிக்குத் தெரியாது. அது தேதியை மட்டும்தான் பார்க்கும்."

அவள் நோட்டைத் திறந்தாள். முதல் கேள்வியைக் கேட்டாள். பிறகு அடுத்தது. அவர் மனைவி தேநீர் வைத்துவிட்டுப் போனாள், ஆறிப்போயிற்று. முப்பத்தெட்டுக் கேள்வி கேட்டாள். அவள் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அத்தனை கேள்வி கேட்டதில்லை.

"மொதல்ல வர்றதை நிறுத்து" என்றார் அவர். "அதைச் செய்யாம எதையும் இறக்காதே. ஒவ்வொரு நிமிஷமும் பரண்மேல ஏதோ ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கும்."

அங்கிருந்தே மேலாளரைக் கூப்பிட்டாள்.

"எல்லா மாடியும் படம் ஏத்தறதை நிறுத்தணும்."

"அக்கா, அணைக்கட்டு டீம் ஞாயித்துக்கிழமையிலிருந்து ஏத்திக்கிட்டிருக்காங்க. பாதியில நிறுத்தினா கத்துவாங்க."

"கத்தட்டும்."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. படுக்கையிலிருந்தே ஊர்சுற்றி அதைக் கேட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வாய் மாலையும் புதன் காலையும் மீட்புப் பக்கத்தை எழுதினாள். எழுதி முடித்ததும், இயக்கு என்று சொல்லாமல், மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டாள்: இதைச் செய்வதற்கு முன் உனக்குத் தெரியாமல் இருப்பது எது?

பதினொரு கேள்வி வந்தது. இரண்டு கோப்புறைகளுக்கு ஒரே பெயர் இருந்தால் எதை வைத்துக்கொள்வது? பாதி அழிந்த படத்தை மீட்டதாகக் கணக்கிடுவதா? மீட்க இடம் போதாவிட்டால் யாரைக் கேட்பது? ஒவ்வொன்றும் கேட்க வேண்டிய கேள்வி. ஏழாம் படிக்கு முன்னாலும் அது கேட்டிருக்கும். கேள் என்று அவள் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மீட்பு வியாழன் மதியம்வரை ஓடியது. ஆயிரத்து நூற்றில் ஆயிரம் கோப்புறைகள் முழுசாகத் திரும்பின. நடுவில் மேலாளர் ஒருமுறை வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, அறிக்கை ஒண்ணு மேல போகணும். நீங்கதான் எழுதணும்."

"சரி."

"முக்கியமான ஒரு வேலையை அண்ணன் வாய்வழியாவே வெச்சிருந்தார், ஆவணத்துக்குத் தரலை. அப்படித்தானே? பொய் இல்லையே. அவரும் லீவுல இருக்கார், வந்து ரெண்டு வருஷத்துல ஓய்வு. அவருக்கு இதனால பெருசா…" முடிக்காமல் கையை விரித்தார். "உங்களுக்கு இன்னும் பல வருஷம் இருக்கு."

பொய் இல்லைதான். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அந்த வாக்கியம் மனசுக்குள் வந்தும்விட்டது, முற்றுப்புள்ளியோடு. அவள் பதில் சொல்லவில்லை. அவள் பேசாமலிருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எல்லாருக்கும் பழக்கம். அவரும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நாலு மணிக்கு விரிசல் மேடம் வந்தார். எட்டு மாடிக் கட்டடத்தின் கோப்புறையில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்திருக்கின்றன. நூற்று முப்பத்தொன்று திரும்பியிருந்தது. மொட்டைமாடி இருந்தது. தூண்கள் இருந்தன. தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. படிக்கட்டுச் சுவர்ப் படங்கள் ஒன்பது, எட்டைக் காணோம். ஒன்பதாவதைத் திறந்தார்கள்.

மேல்பாதி தெளிவாக வந்தது. வெள்ளைச் சுவர். ஒரு கை அளவுகோலைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. விரலில் மோதிரம். அளவுகோலின் மேல் முனையில் நூல்போல விரிசலின் தொடக்கம். அதற்குக் கீழே சாம்பல் நிறக் கோடுகள். அணைக்கட்டுப் படம் ஏதோ ஒன்று அதன்மேல் ஏறியிருந்தது.

"என் கைதான்" என்றார் விரிசல் மேடம். மோதிரம் இன்னும் அதே விரலில் இருந்தது. திரையை இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். "மேல எப்பவும் மெலிசாத்தான் இருக்கும். அகலம் கீழதான் பார்க்கணும்." பிறகு யாரையும் பார்க்காமல், "வேற ஒண்ணும் செய்ய முடியாதா?" என்றார்.

"முடியாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை விரிசல் மேடம் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விரிசலின் மேல் நகர்வைக் காட்டும் அளவி ஒட்டி மூன்று மாதம் பார்க்க வேண்டும். அதுவரை கட்டடத்தில் யாரும் இருக்கக் கூடாது.

அதே வெள்ளிக்கிழமை அவளும் அறிக்கையைக் கொடுத்தாள். இரண்டு பக்கம். மூன்றாவதாக நோட்டிலிருந்து ஒரு பக்கத்தின் நகல். அடித்த கோட்டுக்குக் கீழே வாக்கியம் நன்றாகவே படிக்க முடிந்தது: "இந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன?" பக்கத்தில் எழுதியிருந்தாள்: "இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை. ஆவணத்தில் இருந்த இடைவெளி என்னுடையது."

மேலாளர் நின்றபடியே படித்தார். "இதை ஏன் வெச்சீங்க? இதை யாருமே பார்த்திருக்க மாட்டாங்களே."

"நான் பார்த்தேன்" என்றாள்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கும் நாலு பக்கம் எழுதினாள். கோப்பில் போட்டார்கள்.

சனிக்கிழமை வீட்டில் சொல்லாமல் பேருந்து ஏறி அந்தக் கட்டடத்துக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. மின்தூக்கியை நிறுத்தியிருந்தார்கள், எல்லாரும் படிக்கட்டு வழியாகவே இறங்கினார்கள். மெத்தைகள், பள்ளிக்கூடப் பைகள், தலைகீழாகக் கட்டிய நாற்காலிகள். படிக்கட்டுச் சுவரில், கண்ணாடித் துண்டுபோல ஒட்டிய அளவிக்குப் பின்னால், விரிசலைப் பார்த்தாள். இவ்வளவுதானா என்றிருந்தது. ஒரு பென்சில் கோடு. குழந்தை கிறுக்கியது என்று சொன்னால் நம்பலாம்.

"நீங்க எந்த மாடிங்க?" மேசை ஒன்றைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்த பெண் மூச்சு வாங்கக் கேட்டாள்.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"சரி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்களேன். சுவர்ல இடிக்காம. அதுல வேற இடிச்சிடப் போகுது."

பிடித்தாள். மூன்று மாடி இறக்கினார்கள். கீழே வந்ததும் அந்தப் பெண், "ரொம்ப நன்றிங்க. உங்களுக்கும் மூணு மாசம்தான் சொன்னாங்களா? எங்க போறீங்க?" என்றாள். அதற்குள் வண்டிக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

புதிய ஏழாம் படி இப்படி இருந்தது:

"ஏழு. இங்கே நிற்கவும். இதற்குப் பின் செய்வதைத் திருப்ப முடியாமல் போகலாம். விலக்குக் கோப்பு வெறுமையாக இருப்பது அனுமதி அல்ல. யாரையும் இன்னும் கேட்கவில்லை என்பதற்கு அடையாளம். நீண்ட காலம் திறக்கப்படாதது தேவையற்றது என்று கொள்ள வேண்டாம். பட்டியலைச் சேமிப்பகப் பிரிவின் ஆவண எழுத்தருக்கு அனுப்பவும். அவர் ஒவ்வொரு மாடியிலும் நேரில் கேட்டுப் பதில் தருவார். ஒரு மாடியின் பதில் வராவிட்டாலும் தொடர வேண்டாம். எத்தனை நாளானாலும் காத்திருக்கவும்."

ஊர்சுற்றியிடம் படித்துக் காட்டினாள். "நேரிலயா? நீயா?" என்றார். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அடுத்த முறை இடம் நிரம்பியபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. காலை ஒன்பதரைக்குத் திரையில் செய்தி வந்தது. "ஏழாம் படியில் நிற்கிறேன். பட்டியல் இணைப்பில் உள்ளது." அச்செடுத்தாள். பதினெட்டுத் தாள். மடித்தால் பையில் அடங்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டாள். முதல் மாடியில் ஒருவர், "வெச்சிட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்றார். அவள் போகவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், பென்சிலை எடுத்தார். இரண்டாம் மாடியில் தேநீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தாள். ஒருவர் தன் பல்வலிக் கதையைச் சொன்னார். கேட்டாள்.

மதியத்துக்குள் மூன்று மாடிப் பதிலை ஏற்றினாள். "நாலாம் மாடியின் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன்" என்றது திரை. ஜன்னலைப் பார்த்தாள். விரிசல் மேடத்தின் வண்டியின் பின்சக்கரம், சிமெண்ட் தூசியோடு, அங்கேதான் இருந்தது.

விரிசல் மேடம் உட்காரச் சொல்லவில்லை. பட்டியலை வாங்கி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரு வரி விடாமல் படித்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் எட்டு மாடிக் கட்டடத்தின் கோப்பு விரித்தபடி இருந்தது. கேட்க வேண்டும். கீழே போய் எழுதிக் கேட்கலாம். நாலு வரி போதும்.

"அந்த விரிசல்…" என்றாள்.

விரிசல் மேடம் பென்சிலை நிறுத்தாமல் சொன்னார்: "ரெண்டு மாசமாப் பார்க்கிறேன். மயிரிழைகூட நகரல."

அப்படியென்றால் அந்தத் தொண்ணூற்றாறு வீட்டுக்காரர்களும் போயிருக்கவே வேண்டாம். மெத்தை, பை, மேசை, எதுவுமே இறங்கியிருக்க வேண்டாம்.

"இன்னும் ஒரு மாசம் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் விரிசல் மேடம். பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். தன் வரிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வேண்டும், வேண்டும் என்று எழுதி ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். "அடுத்த தடவையும் நீங்களே கொண்டுவாங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். கீழே மாப்பிள்ளை இன்னும் அதே வரியில் நின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்து, நாலாம் மாடியின் வரிகளை விலக்குக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தாள். முதலில், பட்டியலில் வராவிட்டாலும், எட்டு மாடிக் கட்டடம்.